வினா எழவில்லை

சுகாதார அமைச்சரின் பதில் மூன்றே வரி. (அ) இல்லை. (ஆ) வினா எழவில்லை. (இ) வினா எழவில்லை. படித்ததும் எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

நான் சட்டமன்றத்தில் எழுதிக் கேட்டிருந்தது இதுதான். எங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் இயந்திரங்கள் பழுதாகிக் கிடக்கின்றனவா? ஆமெனில் எப்போது சரிசெய்யப்படும்? தாமதத்துக்குக் காரணம் என்ன? முதல் கேள்விக்கு 'இல்லை' என்று சொல்லிவிட்டால் மற்ற இரண்டுக்கும் வாயைத் திறக்கவே வேண்டாம். வினா எழவில்லை என்று போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

அமைச்சர் பச்சைப் பொய் சொல்கிறார் என்று கொதித்துக்கொண்டு நேரே மருத்துவமனைக்குப் போனேன். தலைமை நர்ஸ் ஓர் அறையைத் திறந்து காட்டினார். உள்ளே ஆள் உயரத்துக்கு இரண்டு அட்டைப் பெட்டிகள், ஒட்டிய டேப் ஒட்டியபடியே இருந்தன. ஒன்றின் பக்கத்தில் சாய்த்து வைத்த ஓர் ஈரக் குடை காய்ந்துகொண்டிருந்தது. இன்னொன்றின் மேல் யாரோ பூந்தொட்டி வைத்து, அதற்குத் தவறாமல் தண்ணீரும் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"பழுதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. பிரிச்சாத்தானே பழுதாகும்?" என்றார் நர்ஸ்.

தண்ணீர் இணைப்புக்கு ஒரு துறை கையெழுத்துப் போட வேண்டுமாம். இயக்கத் தெரிந்த ஆளை இன்னொரு துறை அனுப்ப வேண்டுமாம். அது வரட்டும் என்று இதுவும், இது வரட்டும் என்று அதுவும் உட்கார்ந்திருந்தன. ஆக, அமைச்சர் சொன்னது அட்சர சுத்தமான உண்மை. 'பழுதாகி' என்று ஒரு சொல்லைப் போட்டு, தப்பித்துப் போக நானே அவருக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன். அரசியலுக்கு வருவதற்கு முன் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவள் நான். சபையில் என் பட்டப்பெயரே 'பிரேக்கு'. அப்படிப்பட்டவள் கோட்டை விட்டது எனக்கு அவமானமாக இருந்தது.

அவமானத்தைக்கூடத் துடைத்துப் போட்டுவிடலாம். அத்தானை என்ன செய்வது?

அத்தான் என் அக்காவின் கணவர். எங்கள் ஊரில் எந்தப் பள்ளிக்கூடத்துக் கால்பந்தாட்டம் என்றாலும் அவர்தான் நடுவர். அவருக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டபின், வாரம் இரண்டு தடவை முதல் பஸ் பிடித்துப் பக்கத்து நகரத்துக்குப் போய்வருகிறார். போய், இயந்திரத்தோடு படுத்துக் கிடந்து, திரும்பி வந்து சேர்வதற்குள் ஆள் சக்கையாகிவிடுவார். இப்போது அக்கா போனில், அவர் போகமாட்டேன் என்கிறார், நீ உடனே வா என்றாள்.

நான் போனபோது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பதில் வந்த கதையைச் சொல்லி, எழுந்திருங்கள் அத்தான் என்றேன். அவர் திரும்பவே இல்லை.

"வினா எழவில்லை. நானும் எழவில்லை."

அக்கா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே சமையலறைக்குள் போனவள் வெளியே வரவில்லை. அப்புறம் அத்தான் மெதுவாகச் சொன்னார். "வெளையாட்டுக்குச் சொல்லல. போதும்னு இருக்கு. பஸ்ல தொங்கிட்டுப் போய் உசிரை வாங்கிட்டு வர்றது ஒரு பொழப்பா?"

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும், வந்ததோ கோபம். அடுத்த கூட்டத்தொடரில் திரும்பக் கேட்கிறேன், இயந்திரம் ஓடத் தொடங்கும் தேதியை அமைச்சர் வாயாலேயே வாங்கித் தருகிறேன், அதுவரைக்கும் மூச்சுக் காட்டாமல் போய்வர வேண்டும் என்று கத்தினேன். வாங்கவில்லை என்றால் அப்புறம் அவர் இஷ்டம் என்றும் சொல்லித் தொலைத்தேன். அத்தான் இப்போது திரும்பிப் பார்த்தார். ஆட்டம் முடிய நடுவர் ஊதும்வரை ஆடுவதாக ஒத்துக்கொண்டார். ஆனால், 'விரைவில்' என்று ஒரு பதிலை வாங்கிக்கொண்டு வந்தால் அந்த கோல் செல்லாது என்றார்.

சமையலறையில் அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னைப் பிடித்துக்கொண்டாள். "இவர்கிட்ட 'மாத்திரை போட்டீங்களா'ன்னு கேட்டா 'ஆச்சு'ம்பார். 'காலி அட்டை எங்க, காட்டுங்க'ன்னுதான் கேக்கணும். நீ என்னடின்னா, ஊரையே மேய்க்கிற மனுசன்கிட்டப் போய் ஆமாவா இல்லையான்னு கேட்டிருக்க."

அன்றே உட்கார்ந்து புதுக் கேள்வி எழுதினேன். அந்த இயந்திரங்களில் இதுவரை எத்தனை பேருக்குச் சிகிச்சை நடந்தது? கடைசியாக நடந்த நாள் எது? இதற்கு ஆமென்றும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது. ஆனால் கேள்விகளை வரிசைப்படுத்தப் போடும் குலுக்கலில் என் கேள்விக்கு விழுந்த இடம் ஒன்பது. கேள்வி நேரம் ஒரு மணி நேரம்தான். அதில் ஏழாவதைத் தொட்டாலே அதிசயம். முறை வராத கேள்விக்குப் பதில் காகிதமாக வந்து சேரும்; காகிதத்தை மடக்கித் துணைக்கேள்வி கேட்க முடியாது.

அந்த நாள், அத்தானின் டயாலிசிஸ் நாளாகவும் அமைந்தது. வார்டில் படுத்தபடி அவர் போனில் நேரலை பார்க்கப் போவதாக அக்கா சொன்னாள்.

காலையில் சபைக்கு வெளியே காபி இயந்திரத்தின் பக்கத்தில் 'முழுநீளம்' நின்றுகொண்டிருந்தார். ஆளுங்கட்சியின் மூத்த உறுப்பினர். துணைக்கேள்வி கேட்க எழுந்தால் உலகம் தோன்றிய கதையிலிருந்து ஆரம்பிப்பார். அதனால்தான் அந்தப் பெயர். இன்றைக்கு ஒருநாள் மட்டும் கொஞ்சம் சுருக்கமாகப் பேசுங்கள் ஐயா என்று கெஞ்சிக் காரணத்தையும் சொன்னேன். அவர் முகம் தொங்கிப்போயிற்று. "சுருக்கமாப் பேசுறதுக்கா என்னை ஜனங்க இங்க அனுப்பி வெச்சிருக்காங்க?" என்று கேட்டுவிட்டு, காபியைக்கூட எடுக்காமல் உள்ளே போய்விட்டார். காரியத்தைக் கெடுத்துக்கொண்டேனே என்று எனக்குத் திக்கென்றது.

கேள்வி நேரம் தொடங்கியது. சபாநாயகரின் தலைக்கு மேல் இருக்கும் கடிகாரத்தைத் தவிர எனக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை. முதல் கேள்வி சாலைகள் பற்றி. எல்லோருடைய ஊரிலும் சாலை இருந்து தொலைத்ததால் ஆளுக்கொரு குழியோடு எழுந்தார்கள். நாலாவது, துறைமுகம். அது முழுநீளத்துக்கு அல்வா மாதிரி. அவர் பக்கம் திரும்பிப் பார்க்கவே பயந்தேன். அவரோ உதட்டை இறுக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தபடி இருந்தார். ஐந்தாவது கேள்விக்குரிய உறுப்பினர் வரவில்லை. அவர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். எட்டாவது கேள்விக்கு அமைச்சர், பதில் அவை முன் வைக்கப்பட்டுள்ளது என்று ஒரே வரியில் உட்கார்ந்தார். கேட்ட உறுப்பினர் துணைக்கேள்விக்கு எழுந்தார். நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

"ஒன்பது" என்றார் சபாநாயகர். என் மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது.

சுகாதார அமைச்சர் சிரித்த முகத்தோடு எழுந்து, விவரங்கள் சேகரிக்கப்பட்டு வருகின்றன என்று வாசித்தார். இப்படியும் ஒரு சந்து இருக்கும் என்று நானோ அக்காவோ நினைத்துப் பார்க்கவில்லை. ஆனால் இனி காகிதம் இல்லை, நேருக்கு நேர். எனக்கு இரண்டு துணைக்கேள்விகள் இருந்தன.

"பெட்டியே பிரிக்காத மெஷின்ல எத்தனை பேருக்கு வைத்தியம் நடந்துச்சுன்னு சேகரிக்க, அமைச்சருக்கு எத்தனை நாள் ஆகும்?"

சபை குலுங்கிச் சிரித்தது. பக்கவாட்டில் அமர்ந்திருந்த அதிகாரிகள் வரிசையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு ஓடி வந்தது. அமைச்சர் அதைப் பார்த்து, இயந்திரங்கள் நல்ல நிலையில் உள்ளன, ஆவன செய்யப்படும் என்றார். எனக்கு மிச்சம் இருந்தது ஒன்று. அத்தானைப் பற்றி உருக்கமாக ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன், பக்கத்தைக் கவிழ்த்து வைத்தேன். பழக்க தோஷத்தில் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. டிரைவிங் ஸ்கூல் காரில், கற்றுக்கொள்பவர் வண்டியை எங்கேயோ விடும்போது நான் மிதிக்கிற பிரேக் அங்கேதான் இருக்கும்.

"அந்தப் பெட்டி மேல இருக்கிற பூந்தொட்டியை எந்தத் தேதியில எடுப்பீங்க? தேதி மட்டும் சொல்லுங்க, போதும்."

அமைச்சர் என் அக்கறையை மனதாரப் பாராட்டினார். கூடிய விரைவில் என்றார்.

எனக்கான இரண்டும் முடிந்துவிட்டன, உட்காருங்கள் என்றார் சபாநாயகர். உட்கார்ந்தேன். 'விரைவில்' செல்லாது என்று அத்தான் சொன்னது காதில் கேட்டது. அவர் இதையும் படுத்தபடி பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்போது ஆளுங்கட்சி வரிசையில் முழுநீளம் எழுந்தார். சபை முழுக்க ஒரு பெருமூச்சு. சிலர் கோப்புகளை மூடினார்கள். சபாநாயகர் கடிகாரத்தைப் பார்த்து, வேறு வழியில்லாமல் தலையசைத்தார். முழுநீளம் கண்ணாடியைச் சரிசெய்தார், தொண்டையைச் செருமினார்.

"தேதி?" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

மிச்சம் வரும் என்று எல்லோரும் காத்திருந்தோம். வரவில்லை. அவ்வளவுதான் என்று புரிந்த நொடியில் இரண்டு பக்கத்து மேசைகளும் அதிர்ந்தன. என் கை வலிக்க வலிக்க நானும் தட்டினேன். அமைச்சர் அதிகாரிகளைப் பார்த்தார். சீட்டு வரவில்லை, ஒருவர் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டுவது எனக்கே தெரிந்தது. எதிர்க்கட்சிக்காரி கேட்டால் சிரித்து மழுப்பலாம், சொந்தக் கட்சிப் பெரியவர் கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும்போது என்ன செய்வார்?

"அடுத்த மாதம் முதல் தேதி."

இதை உறுதிமொழியாக எடுத்துக்கொள்ளலாமா என்று சபாநாயகர் கேட்டார். அவைக் குறிப்பில் அப்படி ஏறிவிட்டால் அதற்கென்றே ஒரு குழு இருக்கிறது, நிறைவேறும்வரை அமைச்சரைத் தூங்கவிடாது. அமைச்சர் எச்சில் விழுங்கி, எடுத்துக்கொள்ளலாம் என்றார். "குறிப்பில் ஏறட்டும்" என்றார் சபாநாயகர். மணி அடித்தது.

வெளியே வந்ததும் முழுநீளத்தின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் தொண்டையைத் தடவியபடி, "அவ்வளவு சுருக்கமாப் பேசினது வலிக்குதும்மா" என்றார்.

தாழ்வாரத்து ஜன்னல் ஓரமாகப் போய் அத்தானைக் கூப்பிட்டேன். பின்னணியில் இயந்திரம் சீராக ரீங்கரித்துக்கொண்டிருந்தது. வார்டே சேர்ந்து பார்த்ததாகவும், பக்கத்துப் படுக்கைக்காரர் தட்டிய தட்டில் அவருடைய ஊசி நகர்ந்து நர்ஸிடம் திட்டு வாங்கியதாகவும் சொன்னார். குரலில் பழைய நடுவர் இருந்தார். அந்தத் தைரியத்தில், முதல் தேதி வரைக்கும் ஒழுங்காகப் போய்வருவீர்களா என்று கேட்டுவிட்டேன்.

"மறுபடியும் அதே தப்பைத்தான் பண்ற. ஆமாவா இல்லையான்னு கேக்காத. எப்போன்னு கேளு."

"அடுத்து எப்போ அத்தான் போறீங்க?"

"வெள்ளிக்கிழமை. முதல் பஸ்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "குறிப்புல ஏத்திக்கோ" என்றார்.