தொழில்: உப்பளம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையதல்ல. அதை மணிமணியான கையெழுத்தில் எழுதியவன் மட்டும் நான்.

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஓர் ஆஸ்பத்திரி. (பெயர் வேண்டாம்.) அங்கே தோல், பால்வினை நோய்ப் பிரிவில் பதினொரு வருடம் ஓ.பி. சீட்டு போட்டேன். இப்போது எல்லாம் கம்ப்யூட்டர். போன மாதம் பழைய நோட்டுகளை எடைக்குப் போட்டபோது ஒன்றை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன். திறந்ததும் கந்தகக் களிம்பு வாசனை. அழுகை வந்துவிட்டது.

2

முதல் வரிக்குப் பட்ட பாடு:

‘உப்புக் காற்று வீசும் ஒரு காலையில்…’ சகிக்கவில்லை.

‘ஒரு பெஞ்ச் இருந்தது.’ இது உண்மை. படர்தாமரைக்காரரும் சொறிக்காரரும் ‘மற்றது’ வந்தவரும் அந்த ஒரே பெஞ்சில்தான் நெருங்கி உட்கார்ந்து, தினத்தாளைப் பங்கு போட்டுப் படிப்பார்கள். மற்றது, அதாவது பால்வினை நோய், வந்தவரைப் பார்த்ததுமே எனக்குத் தெரியும். கையில் தாள் இருந்தாலும் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார்.

“தொழில்?”

“உப்பளம், அண்ணாச்சி.”

மற்றது வந்த லாரி டிரைவர், ஜவுளிக்கடைக்காரர், ஒரு வாத்தியார், எல்லாரும் இதையேதான் சொன்னார்கள். உப்பில் நின்றால் புண் வரும். அது கௌரவமான புண், யாரும் துருவிக் கேட்கமாட்டார்கள். நிஜ அளத்துக்காரருக்குக் குதிகால் வெடித்து, விரலிடுக்கு வெளுத்திருக்கும். இவர்களுக்கு அப்படி இல்லை. தெரிந்தும் எழுதினேன். மானத்தை மறைக்க ஒரு துண்டு கொடுத்ததாக நினைப்பு.

3

டாக்டர் ஷெர்லி என் நோட்டுகளை வைத்து, எந்தத் தொழிலாளருக்கு என்ன நோய் என்று ஒரு கட்டுரை எழுதினார். பால்வினை நோயில் முதலிடம் உப்பளம்.

“செல்வதுரை, உங்க ரெக்கார்ட் எவ்வளவு சுத்தமா இருக்கு!”

பூரித்துப்போனேன். (இந்த வரியை அடித்திருந்தேன். பிறகு இருக்கட்டும் என்று விட்டேன்.)

அந்தக் கட்டுரையை வைத்து அடுத்த மாதம் அளத்துக்கு ரத்தப் பரிசோதனை வேன் போனது. வேனில் கொட்டை எழுத்தில் நோயின் பெயர். வரிசையில் நின்றவர்களில் ஒருத்தி இசக்கிசெல்வி, மாதாமாதம் என்னிடம் வெடிப்புக் களிம்புக்குச் சீட்டு வாங்குகிறவள். அவளுக்குப் பரிசம் போட்டிருந்த ஏரல் ஊர் மாப்பிள்ளை வீட்டார் காதுக்கு மூன்றாம் நாளே சேதி போய்விட்டது. ரத்தத்தில் ஒன்றுமில்லை. கல்யாணம் நின்றுபோனது.

4

அவளை நான் கற்பனையாகப் படைத்தேன் என்று எழுதிப் பார்த்தேன். என் கையே ஒத்துழைக்கவில்லை.

வந்தாள். சீட்டு கேட்கவில்லை.

“இந்த ஆஸ்பத்திரிக்கு வார அளத்துக்காரங்க நாப்பது பேருதான் அண்ணாச்சி. நோட்டுல நூத்துச்சொச்சம் பேருக்கு அந்தச் சீக்குன்னு இருக்காம்லா. மிச்ச ஆளுவ யாரு?”

“வந்தவங்க சொன்னத எழுதுனேன்மா.”

“அளத்துக்காரங்க காலப் பாத்தாத் தெரியும்லா ஒங்களுக்கு? குனிஞ்சு பாத்திருக்கலாம்லா?”

செருப்பைக் கழற்றி, வெடித்த காலை என் மேஜைக்கு முன்னால் எடுத்து வைத்தாள்.

“இத நல்லாப் பாத்துக்கிடுங்க.”

அதற்குப் பிறகு அவள் வரவேயில்லை.

5

முடிவு ஒன்று: ஏரல் மாப்பிள்ளை மனம் மாறி வருகிறான். (வரவில்லை. அவனை இழுத்து வர எனக்கும் மனமில்லை.)

முடிவு இரண்டு: டாக்டரிடம் நடந்ததைச் சொல்கிறேன். கதவு வரை போனேன். உள்ளே நுழைந்து, “மேடம், அந்த நோட்டு” என்று…

இல்லை. திரும்பி வந்துவிட்டேன்.

ஆகவே, ஓ.பி. திறக்கும் அந்தப் பழைய காலை ஒன்பது மணிக்கே திரும்புவோம். வேன் இன்னும் கிளம்பவில்லை. பெஞ்ச் நிறைந்திருக்கிறது, களிம்பு வாசனை அடிக்கிறது. என் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள்.

முதல் ஆள் நிற்கிறார். பாலிஷ் போட்ட ஷூ. வீட்டில் மூன்று பிள்ளைகள் இருக்கலாம். அவருக்கு நேர் பின்னால் இசக்கிசெல்வி.

“தொழில்?”

“உப்பளம், அண்ணாச்சி.”

பேனா உங்கள் கையில் இருக்கிறது.