வைரஸின் முகவரி

எர்ணாவூர் இறால் நோய் ஆய்வகத்தின் வாசலில் பேனர் ஏறிவிட்டது; ஆராய்ச்சிதான் இன்னும் முடியவில்லை. மேலே இயக்குநர் ஜெகதீசன் கன்னத்தில் கைவைத்துச் சிரித்தார். பக்கத்தில் ‘வித்தகரே, வாழ்க!’ கீழே ‘வைரஸின் முகவரி இதோ!’ என்று, லாரி டயர் அளவுக்கு இறால் செல்லின் நியூக்ளியஸ். அதன் நடுப்பொட்டான நியூக்ளியோலஸ் பச்சையாக ஒளிர்ந்தது. வெள்ளைப்புள்ளி வைரஸின் புரதம் அந்தப் பொட்டில்தான் போய்க் குந்துகிறது என்பது வித்தகரின் முடிவு.

படம் எடுத்தவள் ஆராய்ச்சி மாணவி, காசிமேட்டு ஜெயஸ்ரீ. வித்தகர் கையெழுத்துப் போட்டால்தான் அவளுடைய ஆய்வேடு பல்கலைக்கழகத்துக்குப் போகும். பேனரில் இருப்பது ஆய்வேட்டிலும் இருந்தால்தான் அவர் பேனா திறக்கும்.

வந்தது வினை. புரதத்தைக் காட்டிக்கொடுக்கும் பச்சைச் சாயத்தை, நோயே இல்லாத செல்லிலும் விட்டுப் பார்த்தாள். முதலிலேயே செய்திருக்க வேண்டிய சோதனை. “அது எதுக்கும்மா, டைம் வேஸ்ட்” என்று அவர் தள்ளிவைத்த சோதனை. அங்கேயும் அதே பொட்டு, அதே பச்சை. வைரஸ் குடிவராத வீட்டில் வைரஸ் பேரில் ரேஷன் கார்டு!

தனியே சொன்னால், “உன் கை சரியில்ல” என்பார். ஆகவே வித்தகரின் பாராட்டு விழாவுக்கு வந்திருந்த பல்கலைக்கழகப் பேராசிரியர் ரமாபாய் முன்னால், பெயர் போடாத இரண்டு படங்களைத் திரையில் விட்டாள்.

“சார், இதுல நோய் வந்த செல் எது?”

“இதெல்லாம் ஒரு கேள்வியாம்மா?” குச்சியால் இடப்பக்கப் படத்தைத் தட்டினார். “பாருங்க மேடம், வைரஸ் புரதம் எவ்ளோ கம்பீரமா உக்காந்திருக்கு!”

“அது நோயே இல்லாத செல் சார்.”

ரமாபாய் தண்ணீர் டம்ளருக்குள் சிரித்தார்.

“அப்ப சாயம் தானாவே ஒட்டிக்குது. புரதம் எங்க இருக்குன்னு இனிமேதான் தேடணும். இதையே உள்ளபடி எழுதும்மா, ஆய்வேட்டுக்குப் போதும். நீங்க கையெழுத்துப் போட்டுடுங்க ஜெகதீசன்.”

போட்டார். “இந்தச் சோதனைய செய்யச் சொன்னதே நான்தான்” என்ற அரிய தகவலையும் சபைக்கு வழங்கிவிட்டுப் போட்டார்.

வாசலில் உதவியாளர் டில்லிபாபு தலையைச் சொறிந்தார். “பேனரை இன்னா சார் பண்றது? அவுத்துடவா?”

“கீழ்ப்பக்கத்தை மட்டும் வெட்டிடுப்பா. மேல இருக்கறது இருக்கட்டும்.”

வித்தகர் அங்கேயே வாழ்ந்துகொண்டிருக்கிறார். எதற்காக என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

வெட்டிய துண்டு இப்போது ஜெயஸ்ரீயின் அம்மா கோவிந்தம்மாவின் இறால் கூடைக்கு மூடி.

“நல்ல வேளைடி, அந்தாளு மூஞ்சிய அங்கியே வுட்டுட்டு வந்தே,” என்றாள் கோவிந்தம்மா. “எறா வாங்க வர்றவன் ஓடிப் பூட்டிருப்பான்.”