தவிட்டுக்குக் கொடுத்த பிள்ளை

எனக்கு வாய் நீளம்னு தோட்டமே சொல்லும். சொல்லிட்டுப் போகட்டும். இந்த வாய் இல்லாட்டி எம்பிள்ளை எனக்குக் கிடைச்சிருக்க மாட்டா.

அது மலாயாவுல வெள்ளைக்காரன் எமர்ஜென்சி போட்டிருந்த காலம். காட்டுல இருக்கிற கம்யூனிஸ்டுக்காரனுக்கு இங்கிருந்துதான் சோறு போகுதுன்னு சொல்லி, காட்டோரமா இருந்த மேட்டு லயத்தை, அந்த வரிசை வீடு அத்தனையையும், ஒரே காலையில காலி பண்ணிட்டானுங்க. நானும் எங்க வீட்டுக்காரர் அப்புசாமியும் ரப்பர்ப் பால் எடுக்க, பால்மரம் வெட்டப் போயிருந்தோம். திரும்பி வந்து பாத்தா மேட்டு லயத்துல கோழிதான் மேயுது. சனத்தை எல்லாம் லோரியில ஏத்திட்டானுங்களாம். அந்த லோரியில எம்பிள்ளை குப்பாயியும் போயிட்டா. நாலு வயசு.

நாங்க கீழ் லயம். அவ மேட்டு லயத்துல காளியம்மா வீட்டுல விளையாடிட்டு இருந்திருக்கா. யாரு பிள்ளைன்னு சோல்ஜர் கேட்டப்போ காளியம்மா காலைக் கட்டிக்கிட்டு, "அம்மா"ன்னிருக்கா. ஏத்திட்டான்.

அப்படிக் கூப்பிடச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். குப்பாயிக்கு முன்னால ரெண்டு பெத்தேன், ரெண்டும் தங்கலை. இது தங்கணும்னா தவிட்டுக்குக் கொடுத்துடுன்னு லயத்துப் பெரியவங்க சொன்னாங்க. எமன் தேடி வந்தா, இது என் பிள்ளை இல்லைன்னு திரும்பிப் போகணுமாம். மாரியம்மன் கோயில் வாசல்ல காளியம்மா கையில பிள்ளையைக் கொடுத்துட்டுத் தவிட்டை வாங்கினேன். அன்னையிலிருந்து அவ அம்மா, நான் 'சுப்பக்கா'. அஞ்சு வயசானதும் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து மீட்டுக்கிறதா பேச்சு. பால் குடுத்தது நான், பக்கத்துல போட்டுத் தூங்கினது நான், கூப்பிடுறது மட்டும் அக்கா! பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்.

எங்க கொண்டுபோனாங்கன்னு ஆபீஸ் கிராணிகிட்டக் கேட்டேன். "எனக்கென்ன தெரியும், வேலைக்குப் போ"ன்னார். "உம்ம பிள்ளை காணாமப் போனா நீர் வேலைக்குப் போவீராய்யா?"ன்னேன். பேரை வெட்டிடுவேன்னார். வெட்டிக்கோன்னு வந்துட்டேன். "கொஞ்சம் பொறு புள்ள"ன்னுச்சு எங்க வீட்டு மனுஷன். நான் பொறுத்தது போதும்.

பக்கத்துல செங் டவுன்ல விசாரிச்சேன். போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல நின்னேன், துரத்தினாங்க, மறுநாளும் போய் நின்னேன். கடைசியில தஞ்சோங் கிளிங் மீன்காரர் ஒருத்தர் சொன்னார், "ஆயர் குரோ பக்கம் முள்ளுக்கம்பி வேலிக்குள்ள புதுசா தமிழ்ச் சனம் வந்திருக்கும்மா."

வேலிகிட்டப் போறேன், உள்ளேயிருந்து "சுப்பக்கா!"ன்னு ஒரு கத்தல். காளியம்மா இடுப்புல எம்பிள்ளை! அழுதுட்டேன்.

கேட்ல காவலுக்கு நின்னவன் நம்ம தமிழ்ப் பையன், சாமிநாதன். பெத்தவங்க வந்தாத்தான் பிள்ளையை வெளியே விடலாம்னு துரை உத்தரவாம். குப்பாயியைப் பாத்து, "உங்க அம்மா யாரு?"ன்னான். அவ காளியம்மா கன்னத்தைத் தொட்டுக் காட்டினா.

"அக்காதானே நீங்க? பாத்தாச்சுல்ல, கெளம்புங்கலா."

"நான் பெத்தவடா! அடியே காளியம்மா, வாயைத் திறந்து சொல்லேன்டி!"

அவ தலையைத் தூக்கலை. பிள்ளையில்லாதவ. "சாமி முன்னாடி கொடுத்தே, தவிடு வாங்கினே. இன்னும் நீ திருப்பித் தரலையே சுப்பம்மா"ன்னா.

அடிப்பாவி! ஆனா அவ சொன்னதுல நியாயம் இருந்துச்சு. அதனாலதான் எனக்கு அப்படி ஆத்திரம் வந்தது.

தவிடுதானே வேணும்? பக்கத்து மலாய் ஊருக்கு, கம்பத்துக்கு ஓடினேன். கோழிக்குத் தீனி போட்டுட்டு இருந்த மலாய்க்கார அம்மாகிட்ட, "மாச்சே, டெடாக்"னு அவங்க பாஷையிலேயே தவிடு கேட்டுக் கையேந்தினேன். என் மூஞ்சியைப் பாத்துட்டு ஒண்ணும் கேக்காம அள்ளிப் போட்டுச்சு. முந்தியில முடிஞ்சுக்கிட்டுத் திரும்பி வந்தேன்.

சாமிநாதன் மடக்கினான். "முந்தியில என்ன? காட்டுக்காரனுக்குப் போகும்னு, வேலிக்கு வெளியே தீனி வச்சிருந்தா ஜெயில், தெரியுமா?"

"போடு. இதை அவகிட்டக் கொடுத்துட்டு வர்றேன், அப்புறமா போடு."

பிடிச்சு இழுத்தான். முடிச்சு அவிழ்ந்து தவிடெல்லாம் சேத்துல கொட்டிடுச்சு. மண்டி போட்டுச் சேறோட சேத்து அள்ளினேன். கம்பிக்குள்ள கையை விட்டேன், முள்ளு கிழிச்சுது. "இந்தாடி உன் தவிடு. எம்பிள்ளையைக் கொடு."

சாமிநாதன் என் கையையே பாத்துட்டு நின்னான். "எங்க வீட்டுல என் பேரு பிச்சை. எங்கம்மாவுக்கும் மூத்ததுங்க தங்கலை"ன்னான், மெதுவா. அப்புறம் காளியம்மா பக்கம் திரும்பினான். "சொல்லுங்கக்கா. யாரு பிள்ளை?"

அளவு குறையுதுன்னு அவ சொல்லியிருக்கலாம். சொல்லலை. முந்தியை ஏந்தி அந்தச் சேத்துத் தவிட்டை வாங்கிக்கிட்டா. "அவ பிள்ளைதான்யா"ன்னு சொல்லி, குப்பாயியை இறக்கிவிட்டா. "போடி. அதுதான் உங்க அம்மா."

சாமிநாதன் கேட்டைத் திறந்தான். பிள்ளை நகரலை. "அது சுப்பக்கா"ன்னா.

நாலு வருஷமா நாக்குலயே நின்ன வார்த்தை. சொன்னா எமன் காதுல விழுந்துடுமோன்னு அப்பவும் பயம்தான். விழுந்தா விழட்டும், அவனையும் ஒரு கை பாத்துக்கலாம். "வாடி, என் மகளே!"ன்னு கத்தினேன்.

வந்தா. என் கழுத்தைக் கட்டிக்கிட்டுத் திரும்பி, காளியம்மாவைப் பாத்து, "அப்போ நீ யாரு?"ன்னு கேட்டா.

அவ முந்தியைப் பிடிச்சபடி நின்னா.

"பெரியம்மாடி"ன்னேன் நான். "உனக்குப் பெரியம்மா. எனக்கு அக்கா."

கோபம் இன்னும் ஆறலைதான். ஆனாலும் சொன்னேன்.