பழைய நுண்ணோக்கி ஏன் போதாது

1

இக்கதையை என் நாத்தனார் எனக்குத் தரவில்லை. அவர் புலம்பினார், நான் எடுத்துக்கொண்டேன். அவர் பல்கலைக்கழகப் பேராசிரியை. இடுப்பு மூட்டில் பொருத்தும் உலோகத்தில் விரிசல் எப்படித் தொடங்குகிறது என்று ஆராய்பவர். அதைக் காணப் புதிய எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். அதன் விலையில் ஒரு சிறிய மருத்துவமனையே கட்டலாம் என்பதால் நிதிக்குழுவுக்கு விண்ணப்பித்தார். இம்முறை கிடைக்காவிட்டால், அடுத்த வாய்ப்பு வருவதற்குள் அவர் ஓய்வு பெற்றுவிடுவார்.

முதலில் எழுதிய தொடக்கம்: "சன்னல் வழியே இளவெயில் கருவியின் மீது—" கருவியறைக்குச் சன்னலே கிடையாதாம். கைவிட்டேன்.

2

விண்ணப்பத்தில் ஒரு சங்கடம். பழைய கருவி உதவாது என்று நிறுவ வேண்டும். அதே கருவியில் எடுத்த படங்களை முதற்கட்டச் சான்றாகவும் இணைக்க வேண்டும். படம் மோசமென்றால், இவருக்குக் கருவியைக் கையாளத் தெரியாது என்பார்கள். நன்றாக இருந்தால், பிறகெதற்குப் புதியது என்பார்கள். ஆகவே படம் சுமாராக இருக்க வேண்டும். அதுவும் திறமையான சுமாராக.

இந்த நுட்பத்தைப் பேராசிரியை, பழைய கருவியைப் பராமரிக்கும் தம் கருவியாளருக்கு விளக்கவில்லை. குழு நேரில் வருகிறது, கருவியைக் கொஞ்சம் கவனியுங்கள் என்று மட்டும் சொன்னார்.

கருவியாளர் [இவர்மீது எனக்கு ஐயம் உண்டு; இத்தனை ஆர்வமுள்ள ஊழியரை வாசகர் நம்புவாரா? "நம்பலேன்னா வந்து பாக்கச் சொல்லு" என்கிறார் நாத்தனார்] அதை மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டார். பம்பைக் கழற்றிப் பூட்டினார். எலக்ட்ரான் உமிழும் இழையைப் புதிதாக மாட்டினார். மாடியிலிருந்த பல்மருத்துவத் துறையைக் கெஞ்சிக் கூத்தாடி, அதிர்வு வராதபடி ஏசியை நிறுத்தவைத்தார்.

3

குழுவிலிருந்து மூவர் வந்தார்கள். "அடிக்கடி பழுதாவது" என்று விண்ணப்பத்தில் வசைபாடப்பட்டிருந்த கருவி, சமர்த்தாக முனகிக்கொண்டிருந்தது. திரையில் விரிசல், படிய வாரிய தலையின் வகிடு போலத் தெளிவாக நின்றது. பேராசிரியை விண்ணப்பப் பிரதியை மெல்லக் கவிழ்த்து வைத்தார்.

"கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கே மேடம். இதுக்கென்ன குறைச்சல்?" என்றார் தலைவர்.

"என் கைல இருக்கற வரைக்கும் குறையே வராது சார். இன்னும் பத்து வருஷம் ஓட்டிக் காட்டறேன்" என்றார் கருவியாளர்.

பேராசிரியை அவரைப் பார்த்த பார்வையை மும்முறை எழுதி அழித்தேன். "அவர் கண்களில் கனல்—" இல்லை. "அவர்—" அதுவும் இல்லை.*

* நாத்தனார்: "நான் ஒண்ணும் முறைக்கல, சும்மாதான் பாத்தேன்." கருவியாளருக்கு அன்று மதியம் சோறு இறங்கவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

4

பேராசிரியை நாற்காலியை இழுத்துப் போட்டுத் தாமே அமர்ந்தார். உருப்பெருக்கத்தைக் கூட்டிக்கொண்டே விரிசலின் வேரை நோக்கிப் போனார். போகப் போகப் படம் கலங்கி, வேர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சாம்பல் நிறம் மிஞ்சியது.

"விரிசல் எங்க போகுதுன்னு இது காட்டும் சார். எங்கேருந்து கிளம்புச்சுன்னு காட்டாது. மூட்டு உடைஞ்சு வர்றவங்கள மறுபடி அறுக்கத்தான் முடியுது. அடுத்தவங்களுக்கு உடையாம தடுக்க முடியல."

கருவியாளர் திரையைப் பார்த்தார். பிறகு, யாரும் கேட்காமலே, "இதுக்கு மேல இந்த மெஷினால முடியாது சார். நானும் முட்டிப் பாத்துட்டேன்" என்றார். பெற்ற பிள்ளையைப் பற்றிச் சொல்வது போல இருந்ததாம்.

5

முடிவு அ: நிதி கிடைக்கிறது, புதிய கருவி வருகிறது, கதவுக்குள் நுழைய மறுக்கிறது. (கதவை முன்பே அளந்தாகிவிட்டது என்று நாத்தனார் கோபிக்கிறார். நீக்குகிறேன்.)

முடிவு ஆ: நிதி மறுக்கப்படுகிறது. காரணம்: "தற்போதைய கருவி சிறப்பாக இயங்கு—" இதை எழுதி முடிக்கக் கை வரவில்லை.

நடந்தது இவ்வளவே. தலைவர் வேண்டாம் என்கிறார். இரண்டாமவர் தரலாம் என்கிறார். மூன்றாமவர் அந்தச் சாம்பல் நிறத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் என்ன சொல்வார் என்பதை ஆசிரியர் என்ற உரிமையில் நானே தீர்மானித்துவிடலாம். ஆனால் முடிவெடுக்கும்போது விண்ணப்பதாரரின் உறவினர் எவரும் அறையில் இருக்கலாகாது என்பது விதி, நல்ல விதி. எனவே நான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறுகிறேன். மூன்றாமவரைச் சற்று எழச் சொல்லிவிட்டு, அந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள்.