அன்னக்கொடி வீட்டு ரத்தம்

ஒச்சாயியைக் கெட்டவள் என்று இன்றைக்கு ஊரில் பேசுகிறவர்கள் எல்லாம், அவளுக்குத் துரும்பு கொடுத்த அன்று வாயில் வெற்றிலையை அதக்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தவர்கள்தாம். அவர்கள் நியாயத்தை நான் மதிப்பதில்லை.

துரும்பு என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒருவன் பெண்டாட்டியைத் தீர்த்துவிட வேண்டுமானால் கோர்ட்டுக்கு அலைய வேண்டாம். ஊர்க்கூட்டத்தில் ஒரு வைக்கோல் துரும்பை ஒடித்து அவள் கையில் கொடுத்தால் போதும், உறவு முடிந்தது. முத்துக்கருப்பன் ஒச்சாயிக்கு அப்படிக் கொடுத்தது எண்பத்திரண்டில், அவர்கள் மகன் காளையைப் புதைத்த மண் காய்வதற்குள்.

காளை பிறந்த ஆறாம் மாதமே வெளுத்துப் போனான். வயிறு மட்டும் பானை மாதிரி வீங்கியது. மதுரைக்குத் தூக்கிப் போய் ரத்தம் ஏற்றினால் ஒரு மாதம் ஓடி விளையாடுவான், மறுபடி சுருண்டுவிடுவான். நாலு வயதுக்கு மேல் அவனால் முடியவில்லை. அவன் போனதும் முத்துக்கருப்பனின் தாய் அன்னக்கொடி கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

"எல்லாம் இவ ஆத்தா இருளாயி கொண்டாந்த சீக்கு. எங்க அய்யா வம்சத்துல ரத்தங்கெட்டவன் எவன் இருக்கான்? சொல்லுங்கப்பா!"

முத்துக்கருப்பன் துரும்பை ஒடித்தான். அவன் எப்போதும் ஆத்தா கிழித்த கோட்டைத் தாண்டாதவன்.

அன்னக்கொடி ஒச்சாயிக்கு மாமியார் மட்டுமில்லை, சொந்த அத்தை. ஒச்சாயியின் அப்பா வெள்ளைத்துரையோடு கூடப் பிறந்தவள். அண்ணன் முறைப்பெண்ணை விட்டுவிட்டு எங்கோ மானாமதுரைப் பக்கமிருந்து இருளாயியைக் கட்டி வந்தது அவளுக்கு அன்றிலிருந்தே ஆகாது. அண்ணன் மகள் என்ற உரிமையை விட மனசில்லாமல் ஒச்சாயியை மகனுக்கு எடுத்தாளே தவிர, அந்த உடம்பில் பாதி இருளாயி என்பதை ஒரு நாளும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு இருளாயியை நல்லது பொல்லாததுக்கு எவரும் அழைக்கவில்லை. பிள்ளைத்தாய்ச்சிகள் அவளைத் தெருவில் கண்டால் முந்தானையால் வயிற்றை மூடிக்கொண்டு ஒதுங்கினார்கள். ஒச்சாயி அம்மாவைக் கூட்டிக்கொண்டு பரவைக்கு வந்து சந்தையில் காய்கறி விற்றாள். மகனுக்காக அழுது தீர்த்தாள். அம்மா தலையைக் குனிந்தே நடப்பதைப் பார்த்துத்தான் கறுவிக்கொண்டாள். அதே கூட்டத்தில், அதே சனங்கள் முன்னால், 'என் வீட்டு ரத்தந்தான்' என்று அன்னக்கொடி தன் வாயால் சொல்ல வேண்டும். அதைத் தன் காதால் கேட்க வேண்டும். ஒச்சாயிக்கு வேறு ஆசையே இல்லாமல் போயிற்று.

அடுத்த வருஷம் பாலாம்பாள் டாக்டர் அவளைத் தேடிச் சந்தைக்கே வந்தார். மதுரையில் ரத்த ஆராய்ச்சி செய்கிறவர். பரம்பரையாகச் சிவப்பணுக் கோளாறு வரும் குடும்பங்களில் புற்றுநோயும் கூடுதலாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைத்துரை ரத்தப் புற்றில் செத்திருந்தான். அவன் பேரன் இப்படி வெளுத்துச் செத்தான். இரண்டையும் சேர்த்துப் பார்த்ததும் அந்தம்மாளுக்குத் தூக்கம் போய்விட்டது. ஒச்சாயியிடமும் இருளாயியிடமும் ரத்தம் எடுத்துப் போனவர், பிறகு ஒச்சாயியை மட்டும் காளவாசல் பக்கமிருந்த தன் ஆய்வுக்கூடத்துக்கு வரச்சொன்னார்.

"இந்த நோய் ஒருத்தர் வழியா மட்டும் வராதும்மா. அப்பாகிட்டேயிருந்து ஒரு பங்கு, அம்மாகிட்டேயிருந்து ஒரு பங்கு, ரெண்டும் பிள்ளைகிட்ட சேர்ந்தாத்தான் வரும். ஒரு பங்கு மட்டும் இருக்கிறவா உன்னை மாதிரி நன்னா நடமாடிண்டிருப்பா."

"அப்ப அவரு ரத்தத்துலயும் இருக்கா?"

"இருந்தே ஆகணும்."

"எனக்கு எங்க ஆத்தாகிட்டருந்தா வந்துச்சு, டாக்டரம்மா?"

"உங்கம்மா ரத்தத்துல அது இல்லவே இல்லை. உங்கப்பா வழியாத்தான் வந்திருக்கு. அவரோட கூடப் பிறந்தவாளுக்கும் இருக்கலாம்."

ஒச்சாயி வாய்விட்டுச் சிரித்தாள். டாக்டர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு, "எங்கய்யா செத்ததும் இதனாலதானா?" என்று கேட்டாள்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டான்னு இன்னும் தெரியலை. தெரியாததைத் தெரியும்னு சொல்லமாட்டேன். ஆனா ஒண்ணு, உன் ஆம்படையான் மறுபடி கல்யாணம் பண்ணிக்கப் போறானா?"

"ஆமா. எங்க சித்தப்பா முத்திருளன் மக ராமக்காளை."

டாக்டரின் முகம் மாறிவிட்டது. "உங்கப்பாவோட தம்பி பொண்ணையா? கல்யாணத்துக்கு முன்னாடி அவ ரத்தத்தைப் பார்த்தாகணும். அவளுக்கும் அந்தப் பங்கு இருந்தா இன்னொரு காளை பிறக்கலாம். நானே வந்து சொல்லட்டுமா?"

"வேணாம் டாக்டரம்மா. நீங்க வந்தா வெரட்டிப்புடுவாக. நானே சொல்லிப்புடுறேன்."

இதில் அன்னக்கொடியின் சாமர்த்தியத்தைச் சொல்ல வேண்டும். இனி வெளி ரத்தமே வீட்டுக்குள் வரக் கூடாது என்று அவள் சல்லடை போட்டுச் சலித்து எடுத்த பெண் ராமக்காள். தம்பி மகள். தம்பி பெண்டாட்டியோ அன்னக்கொடியின் புருஷனுக்குத் தங்கை. இரண்டு பக்கமும் சொந்தம். தண்ணீர் கெட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டு அதே கிணற்றில் மறுபடி வாளியைப் போடுகிற புத்தி எங்கள் சனத்துக்குத்தான் வரும். தன் முதுகு தனக்குத் தெரியாது.

பஸ்ஸில் வரும்போது ஒச்சாயி கணக்குப் போட்டாள். இப்போது போய்ச் சொன்னால் அன்னக்கொடி நம்பமாட்டாள். வாழாவெட்டிக்கு வயிற்றெரிச்சல் என்பாள், ஊரும் ஆமாம் போடும். பிள்ளை பிறக்கட்டும். அன்னக்கொடி மடியில் அவள் ரத்தமே வெளுத்துக் கிடக்கட்டும். அப்போது பேசட்டும் அந்த வாய். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பதை அவள் அப்படிப் புரிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "ஆத்தா, உன் ரத்தம் சுத்தமாம்" என்று மட்டும் சொன்னாள். இருளாயி குலுங்கிக் குலுங்கி அழுதாள். மீதியை ஒச்சாயி சொல்லவில்லை.

ஆவணியில் முகூர்த்தம் வைத்தார்கள். அதற்கு முன்னால் ஒரு சந்தை நாளில் ராமக்காளே வந்து ஒச்சாயியின் கடைக்கு முன் உட்கார்ந்தாள். மஞ்சள் பூசிய முகம், கண் மட்டும் கலங்கியிருந்தது.

"அக்கா, எனக்கு இதுல இஷ்டமில்ல. அய்யாதான் அத்தைக்கு வாக்குக் குடுத்துட்டாரு. நீ வாழ்ந்த வீட்டுக்கு நான் எப்படிக்கா போவேன்? ஒனக்கு மனசு கஷ்டமா இருந்தா ஒரு வார்த்தை சொல்லு. நாண்டுக்கிட்டுச் சாவேன்னு சொல்லியாவது நிறுத்திப்புடுறேன்."

ஒரு வார்த்தைதான். அது ஒச்சாயியின் நாக்கு நுனி வரை வந்தது. அதற்குப் பின்னாலேயே கூட்டத்தில் எழுந்து நின்ற அன்னக்கொடியின் முகமும் வந்தது.

"எனக்கென்னடி கஷ்டம்? போ, நல்லா இரு" என்றாள். இரண்டு கையாலும் கத்திரிக்காயை அள்ளி ராமக்காளின் பையில் போட்டாள். அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

அடுத்த வருஷம் ராமக்காளுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. கொஞ்ச மாதங்களில் அது வெளுக்க ஆரம்பித்த சேதி சந்தைக்கு வந்தது. ஒச்சாயி சந்தோஷப்பட்டாள். இதில் மூடி மறைக்க என்ன இருக்கிறது? அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் தராசு தாழத் தாழ நிறுத்துப் போட்டாள். அன்னக்கொடி பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு விடாமல் சோழவந்தானுக்கும் திண்டுக்கல்லுக்கும் தூக்கிக்கொண்டு மந்திரிக்க அலைகிறாள் என்று கேட்டபோது, அலையட்டும் என்றாள். கடைசியில் அவள் எதிர்பார்த்த சேதியும் வந்தது. ராமக்காளின் வயிறு சரியில்லையாம், தாயையும் பிள்ளையையும் தீர்த்துவிடக் கூட்டம் போடுகிறார்களாம். முதலில் ஆத்தா வழி என்றவள் இப்போது வயிறு வழி என்கிறாள்! ஒச்சாயி அன்றே காளவாசலுக்கு பஸ் ஏறினாள்.

கூட்டத்தன்று பாலாம்பாள் டாக்டரின் ஜீப் ஊருக்குள் வந்தபோது முத்துக்கருப்பன் கையில் துரும்போடு நின்றுகொண்டிருந்தான். முன்னால் ஒச்சாயி இறங்கினாள், பின்னால் இருளாயி. ராமக்காள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாக நின்றாள். பிள்ளையின் காது மடல் மெழுகு மாதிரி இருந்தது.

"தீத்து விட்டவளுக்கு இங்க என்ன சோலி?" என்று சீறினாள் அன்னக்கொடி.

"ரத்தக் கணக்குப் பாக்க வந்திருக்கேன் அத்தை. டாக்டரம்மா சொல்லுவாக, கேளு."

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இரண்டு பங்கு சேர்ந்தால் நோய் என்பதைச் சொன்னார். இருளாயியின் ரத்தத்தில் அது இல்லை என்பதைச் சொன்னார். பெரியவர் பிச்சுமணி, "அப்ப இது எங்கருந்துதான் வந்துச்சு?" என்று கேட்டார்.

"வெள்ளைத்துரை வழியா ஒச்சாயிக்கு வந்திருக்கு. இந்தக் குழந்தையைப் பார்த்தா, முத்திருளன் வழியா ராமக்காளுக்கும் வந்திருக்கும்னு தோண்றது. ரெண்டு பேரும் அண்ணன் தம்பி. அவா கூடப் பிறந்தவளோட பிள்ளைதான் முத்துக்கருப்பன்."

அத்தனை தலையும் அன்னக்கொடி பக்கம் திரும்பியது. அவள் தம்பியைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்தாள்.

"வாயைத் தொறந்து சொல்லு அத்தை. ஆரு வீட்டு ரத்தம்?"

"என் வீட்டு ரத்தந்தான்" என்று தலையில் அடித்துக்கொண்டாள் அன்னக்கொடி. "என் அய்யா வீட்டு ரத்தந்தான்டி! ரெண்டு பிள்ளையையும் நானே தின்னுட்டேனே!"

இருளாயி தலையை நிமிர்த்தினாள். ஒச்சாயிக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. நாளெல்லாம் வெயிலில் நடந்தவள் மோர் குடித்தது போல இருந்தது. டாக்டர் அதற்குள் பிள்ளையின் கண் இமையை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உடனே ரத்தம் ஏத்தணும், கிளம்பு. ஏம்மா, கல்யாணத்துக்கு முன்னாடியே உன் ரத்தத்தைப் பார்க்கணும்னு ஒச்சாயிகிட்ட அவ்வளவு சொல்லி அனுப்பினேனே. அப்போ ஏன் நீ வரலை?"

பழி ஆத்திரத்தில் டாக்டரையே கூட்டி வந்தவள் இதை மட்டும் நினைத்துப் பார்க்கவில்லை. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. ராமக்காள் மெல்லத் திரும்பினாள்.

"நான் சந்தைக்கு வந்து கேட்டேனேக்கா. அன்னிக்கு ஒனக்கு இது தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஒச்சாயிக்கு அது வரவில்லை.

"தெரியும்."

"அத்தை தெரியாமச் செஞ்சுச்சு" என்றாள் ராமக்காள். "நீ தெரிஞ்சே செஞ்சிருக்க."

அவள் அழவில்லை. ஜீப்பை நோக்கி நடந்தாள். படி உயரமாக இருந்ததால் பிள்ளையோடு ஏறத் தடுமாறினாள். ஒச்சாயி ஓடிப்போய்ப் பிள்ளையை வாங்கக் கையை நீட்டினாள்.

"தொடாத!"

ராமக்காள் திரும்பி, மண்ணில் உட்கார்ந்திருந்த அன்னக்கொடியைப் பார்த்தாள். "எந்திரிச்சு வா அத்தை. வந்து பிள்ளையைப் பிடி."