வைரவரடித் தூதுவளை

சண்டிலிப்பாயில் என் கணவர் சீவரத்தினத்தைப் போலப் புல்லுக்குப் பகையான மனிதர் வேறு யாரும் இல்லை. புகையிலைத் தோட்டத்தில் ஒரு களை தலைகாட்டினால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவருக்குத் தொய்வு. மாரி வந்தால் மூச்சு இழுக்கும். சாய்மனைக் கதிரையில் இருந்தபடியேதான் நித்திரை. சண்டையால் பாதை மூடிய பிறகு மருந்துக் குளிசையும் வருவதில்லை.

"தூதுவளை இலையும் பூவும் சேர்த்துக் கசாயம் வைச்சுக் குடு பிள்ளை," என்றார் நாடி பிடித்துப் பார்த்த பரியாரியார். வேலியோரம் நின்றதையெல்லாம் ஊர்ச்சனம் இருமலுக்கென்று எப்போதோ வேரோடு பிடுங்கிவிட்டது. நீர்வேலியில் என் தங்கை குணலட்சுமியிடம் சிவந்த பழம் கொஞ்சம் வாங்கி, விதையைச் சாம்பலில் பிரட்டி உலர்த்தி, பாதியைக் கிணற்றடிப் பாத்தியில் போட்டேன். முளைத்தது. எனக்குத் தலைகால் தெரியாத சந்தோசம்.

ஒரு விடியற்காலை பாத்தி மொட்டையாகக் கிடந்தது.

"முழுக்க முள்ளுப்பூண்டு. பிடுங்கி எறிஞ்சிட்டன்," என்றார், மார்தட்டாத குறையாக.

"உங்கடை மூச்சையெல்லோ பிடுங்கி எறிஞ்சிருக்கிறியள்!"

மீதி விதை இருந்தது. நான் விடுவதாயில்லை. அவர் கை போகாத இடம் எங்கள் வளவில் ஒன்றே ஒன்றுதான்: வேப்பமரத்தடியில் சூலமாக நிற்கும் வைரவர். அங்கே ஒரு புல்லை நுள்ளவும் அவருக்குப் பயம். சூலத்தைச் சுற்றி விதைத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

தினமும் முழுகிவிட்டுச் சூலத்துக்கு ஒரு வாளி தண்ணீர் வார்ப்பது அவர் வழக்கம். விதைக்கு வேறு தண்ணீர் தேவைப்படவில்லை.

"இஞ்சை பார், வைரவரடியிலை தானா முளைச்சிருக்கு. அவரின்ரை செடி. கையைக் கியை வைச்சிடாதை."

கொடி பிடிக்கட்டும் என்று வாயைப் பொத்திக்கொண்டேன். தடி ஊன்றிப் படரவிட்டதும் அவர்தான்.

மார்கழிப் பனியில் ஊதாப் பூ பூத்தது. அவருக்கும் இழுப்பு வந்தது, முன்னெப்போதும் இல்லாதபடி. உதடு நீலம் பாய்ந்திருந்தது. சட்டியும் கையுமாக வேம்படிக்கு ஓடினேன். சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்னாலேயே வந்துவிட்டார்.

"தொடாதை... வைரவரின்ரை..." அதற்கு மேல் மூச்சு வரவில்லை.

"விதைச்சவள் நான்!" என்று கத்தினேன். "தொய்வு வைரவருக்கில்லை, உங்களுக்கு. பூ நாளைக்கும் பூக்கும். நீங்கள் திருப்பி முளைப்பியளோ?"

பிறகு சூலத்தைப் பார்த்து, "கோபமெண்டால் என்னோடை வைச்சுக்கொள், அப்பனே," என்று சொல்லிவிட்டுப் பறித்தேன். முள் விரலெல்லாம் கிழித்தது. கசாயத்தைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். அடுத்தடுத்த நாள்களிலும் முணுமுணுத்தபடியே குடித்தார்.

கொடியில் பழம் சிவந்த நாள்களில் ஒரு காலை, கதிரை வெறுமையாக இருந்தது. பதறிப்போய் அறைக்குள் ஓடினேன். பாயில் நீட்டி நிமிர்ந்து கிடந்தார். நெஞ்சில் கை வைத்தேன். சத்தமில்லாமல் ஏறி இறங்கியது. அப்படியே பக்கத்தில் இருந்து அழுதேன்.

முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனால், பழைய பாத்தி புதிதாகக் கொத்தியிருந்தது. மேலே சாம்பல் தூவல். ஓரத்தில் பிதுக்கிய தூதுவளைப் பழத்தோல். தன் கையைத் தானே நம்பாமல், நடுவில் கம்பியை வளைத்து ஒரு சின்னச் சூலம் குத்தியிருந்தார்.