பார்த்தால்தான் ஓடும்

என் மனைவிக்குக் குழந்தைகளின் கண்ணோடுதான் வேலை. சில பிள்ளைகளுக்கு ஒரு கண் ஒழுங்காகப் பார்க்கும்; இன்னொன்று, எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளட்டும் என்று சும்மா இருந்துவிடும். நல்ல கண்ணை ஒட்டுப் போட்டு மூடிவிட்டு, அந்தச் சோம்பேறிக் கண்ணை வேலை வாங்க வேண்டும். அதுதான் அவள் செய்யும் பயிற்சி. ஆனால் நாலு வயதுப் பிள்ளையைத் திரை முன்னால் உட்காரவைத்து, “அங்கேயே பாரு” என்றால் அது கேட்குமா? மின்விசிறியைப் பார்க்கும், கதவைப் பார்க்கும், தன் கால் கட்டை விரலைப் பார்க்கும்.

அதற்காக அவள் தம்பி ஒரு மென்பொருள் எழுதிக் கொடுத்தான். திரையில் ஒரு முயல் ஓடும். மேலே இருக்கும் கேமரா பிள்ளையின் கண்ணைக் கவனிக்கும். கண் விலகினால் முயல் நின்றுவிடும். திரும்பிப் பார்த்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும். அக்காவும் தம்பியும் அதை இணையத்தில் போட்டு, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். எங்கெங்கோ இருந்த கண் மருத்துவமனைகளெல்லாம் எடுத்துக்கொண்டன. ஒருவரிடமும் ஒரு காசு வாங்கவில்லை.

நான் பஸ் ஓட்டுகிறவன். அந்த விளம்பரம் எனக்கு முதலில் காதில்தான் விழுந்தது. எல்லோர் போனிலும் இருந்த ஒரு வீடியோ செயலியில் புதிதாக ஒரு விளம்பர முறை கொண்டுவந்திருந்தார்கள். விளம்பரம் ஓடும்போது கண்ணை எடுத்தால் அது அப்படியே நின்றுவிடும்; மறுபடி பார்த்தால்தான் மிச்சம் ஓடும்; முழுக்க ஓடி முடித்தால்தான் கேட்ட வீடியோ வரும். பஸ் முழுக்கச் சோப்பும் கடன் அட்டையும் பாதிப் பாதி வாக்கியமாக நின்று நின்று பேசிக்கொண்டிருந்தன. எனக்குப் பின்னாலிருந்த ஒரு அம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது.

“ஜன்னலைப் பாத்தா இது நின்னுடுது. இதைப் பாத்தா என் ஸ்டாப் போயிடுது. இது விளம்பரமா, இல்ல பிரம்பு வச்ச வாத்தியாரா?”

பஸ்ஸே சிரித்தது. ஆனால் சிரித்தவர்களில் பாதிப் பேர் அதே வாத்தியாரிடம் மாட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

இரவுச் சாப்பாட்டில் இதைச் சொன்னேன். மனைவி கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அது நம்ம முயலுங்க.”

“யாருக்கு வேணும்னாலும் தோணலாம் அக்கா, விடு” என்றான் மச்சினன். அவனுக்கு எதிலும் சண்டை பிடிக்காது.

அவன் விட்டான், அவர்கள் விடவில்லை. ஒரு மாதம் கழித்து என் மனைவி வேலை செய்யும் மருத்துவமனைக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. பார்ப்பவர் கண்ணைக் கவனித்துப் படத்தை நிறுத்தி ஓட்டும் முறைக்கு அந்தச் செயலியை நடத்தும் நிறுவனம் காப்புரிமை வாங்கியிருக்கிறதாம். எங்கள் மென்பொருள் அதை மீறுகிறதாம். உடனே நிறுத்த வேண்டும், அல்லது அவர்களிடம் அனுமதி வாங்க வேண்டும். எடுத்துப் பயன்படுத்தும் மற்ற மருத்துவமனைகளுக்கும் அதே கதிதான். வாடகைக்கு வந்தவன் வீட்டுக்காரனை வெளியே போகச் சொன்ன மாதிரி இருந்தது எனக்கு.

மச்சினன் நோட்டீஸை மடித்து வைத்தான். “அவங்ககிட்ட உங்க பஸ் நிறைய வக்கீல் இருப்பாங்க மாமா. நிறுத்திடலாம் அக்கா. வேற ஏதாவது எழுதித் தரேன்.”

“நிறுத்தினா, திங்கக்கிழமை வர்ற பிள்ளைங்களுக்கு நான் எதைக் காட்டறது? இந்த வயசு போச்சுன்னா அந்தக் கண்ணு அப்புறம் பழகாதுடா. எவனோ சோப்பு விக்கிறதுக்காக நான் ஒரு பிள்ளையோட கண்ணை விட்டுக்கொடுக்க முடியாது.”

அவள் குரலை உயர்த்தவில்லை. குரலை உயர்த்தாதபோதுதான் அவளிடம் எதிர்த்துப் பேச முடியாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

தெரிந்த ஒரு பெண் வக்கீலிடம் போனோம். அவர் நோட்டீஸைப் படித்துவிட்டுச் சொன்னார்: “அவங்க காப்புரிமை கேட்ட தேதிக்கு முன்னாடியே இது ஊருக்குத் தெரிஞ்சிருந்தா, இது புதுசு இல்ல. புதுசு இல்லன்னா காப்புரிமையும் இல்ல. ரத்து பண்ணச் சொல்லிக் கேக்கலாம். ஆனா வெறும் வாயால சொன்னாப் பத்தாது, காட்டணும். எப்போ இணையத்துல போட்டீங்க?”

மச்சினன் தலையைச் சொறிந்தான். முதலில் போட்ட தளத்தை நடத்தியவர்கள் எப்போதோ கடையைக் கட்டிவிட்டார்கள். இப்போதிருக்கும் இடத்துக்கு மாற்றியது, கம்பெனி காப்புரிமைக்கு விண்ணப்பித்த பிறகு. பழைய கணினியையும் எடைக்குப் போட்டாயிற்று.

அப்போது ஊரே இணையத்தில் அந்த விளம்பரத்தைத் திட்டிக்கொண்டிருந்தது. மனைவி அந்தத் திட்டுகளுக்கு நடுவே போய், நடந்ததை நாலு வரியில் எழுதி, “எங்கள் முயலை முன்பே பார்த்தவர்கள் யாராவது இருந்தால், ஏதாவது வைத்திருந்தால், அனுப்புங்கள்” என்று போட்டாள்.

மழை கொட்டிய மாதிரி பதில்கள் வந்தன. முக்கால்வாசியும் வசவு. மச்சினன் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தான்.

“மாமா, இதுல ஒருத்தர் அந்தக் கம்பெனியோட ஏழு தலைமுறைக்கும் சாபம் விட்டிருக்கார். படிக்கவே சுகமா இருக்கு. ஆனா சாபத்தைச் சாட்சியா எடுத்துக்க மாட்டாங்களே!”

அந்த வசவுகளுக்குள்ளேயே ஒரு தாயின் பதில் கிடந்தது. தன் மகள் முதல் முறை பயிற்சிக்கு வந்தபோது எடுத்த வீடியோவாம். உறவினர்கள் பார்க்கட்டும் என்று அன்றைக்கே எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டிருக்கிறார். காப்புரிமைக்கு விண்ணப்பித்ததற்கு இரண்டு வருடம் முந்தைய தேதி அதில் தெளிவாக இருந்தது.

அதை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. ஒரு கண்ணில் ஒட்டுப் போட்ட குட்டிப்பெண் அம்மா மடியில் உட்கார்ந்திருக்கிறாள். முயல் நிற்கிறது. “ஓடு! ஏய், ஓடு!” என்று திரையை அடிக்கிறாள். திரைக்கு வெளியே இருந்து என் மனைவியின் குரல் கேட்கிறது: “அடிச்சா ஓடாதும்மா கண்ணு, பாத்தாத்தான் ஓடும்.” பிறகு அந்தத் தாயிடம் சொல்கிறாள்: “மேல இருக்கே, அந்தக் கேமரா பாப்பாவோட கண்ணைப் பாத்துக்கிட்டே இருக்கும். கண்ணு அந்தப் பக்கம் போச்சுன்னா படத்தை நிறுத்திடும். திரும்பி வந்துச்சுன்னா விட்ட இடத்துலேர்ந்து ஓட்டும்.”

வக்கீல் அதைப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். “இதுக்கு மேல நான் என்னத்த வாதாடறது? நீங்களே வாதாடி முடிச்சிட்டீங்க.”

ரத்து மனு விசாரணைக்கு வந்த அன்று நான் விடுப்புப் போட்டுவிட்டுக் காப்புரிமை அலுவலகத்துக்குப் போனேன். சின்ன அறைதான், நீளமான மேசை, ஒரு திரை, சத்தம் போடும் ஏசி. நிறுவனத்தின் வக்கீல் ஒரு பஸ் நிறைய வரவில்லை. ஒருவர்தான், மரியாதையான மனிதர். அது குழந்தைகளுக்கான கார்ட்டூன், தங்களுடையது விளம்பரம், இரண்டும் வேறு என்றார். ஒரு தாய்க்குச் சொன்ன பேச்சைத் தொழில்நுட்ப விளக்கமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் சொன்னார்.

விசாரித்த அதிகாரி காப்புரிமையின் முதல் பத்தியை உரக்கப் படித்தார். பாதிப் பக்கத்துக்கு ஒரே வாக்கியம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. படித்துவிட்டு வீடியோவை மறுபடி போடச் சொன்னார். அந்தச் சின்ன அறையில் என் மனைவியின் குரல் கேட்டது. கேமரா கண்ணைப் பார்க்கும். விலகினால் நிறுத்தும். வந்தால் ஓட்டும். அந்தப் பாதிப் பக்கத்தில் இருந்ததெல்லாம் அவ்வளவுதான் என்று எனக்கே புரிந்துபோயிற்று.

“முயலை எடுத்துட்டு அங்க சோப்பை வச்சா, உங்க முறையில வேற ஏதாவது மாறுமா?” என்று அதிகாரி கேட்டார்.

அந்த வக்கீல் தன் தாள்களைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார்.

மனைவி மடியில் கைகளை வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். எனக்கு எழுந்து நின்று கை தட்ட வேண்டும்போல இருந்தது. மச்சினன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

காப்புரிமை ரத்தானது. எந்த மருத்துவமனையும் முயலை நிறுத்தத் தேவையில்லை. விளம்பரம் அதனால் நின்றுவிடவில்லை. தீர்ப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதை நிறுத்தியது ஜனங்கள்தான். கூட்டம் கூட்டமாக அந்தச் செயலியைப் போனிலிருந்து தூக்கி எறிந்தார்கள். கம்பெனி ஓசையில்லாமல் பழைய மாதிரிக்குப் போய்விட்டது.

அந்த வார இறுதியில் யாரோ போன் செய்து, இனி நீங்களே உங்கள் பெயரில் காப்புரிமை வாங்கிவிடலாமே என்று யோசனை சொன்னார்கள். மனைவி தம்பியைப் பார்த்தாள்.

“இனி நாமளே போய்க் கேட்டாலும் தர மாட்டாங்க அக்கா” என்றான் அவன். “நாமதான் ஏற்கனவே ஊருக்குக் கொடுத்துட்டோமே!”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நோட்டீஸ் வந்ததிலிருந்து அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை டிப்போவில் டீ குடித்தபடி எல்லோருக்கும் கதையை முதலிலிருந்து சொன்னேன். அதிகாரி கேட்ட கேள்வியை அவர் குரலிலேயே இரண்டு தடவை சொல்லிக் காட்டினேன். என் கண்டக்டர் கடைசிவரை கேட்டுவிட்டு, டம்ளரை வைத்தார்.

“அது சரி, அக்கா பேசினாங்க, தம்பி எழுதினான். இதுல நீ என்னய்யா பண்ணின?”

“நான் அவ புருஷன்யா” என்றேன், காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு.